மிதிவண்டியில் கொடைமலை

திண்டுக்கல்லில் வளர்ந்த பிள்ளைகளுக்குத் திசை சொல்லித் தருவது எளிது. ஊரை ஒட்டித் திண்டைப் போலச் சாய்ந்து கிடக்கும் பெரும்பாறை. அதன்மேல் 1605ஆம் ஆண்டில் முத்துக்கிருஷ்ணப்ப நாயக்கர் எழுப்பத் தொடங்கிய கோட்டை. அந்தப் பாறைமேல் ஏறி நின்றால் தென்கிழக்கே சிறுமலை தெரியும். மேற்கே திரும்பினால், அடிவானம் முழுவதையும் அடைத்துக்கொண்டு நீலமாக நிற்பது பழனிமலைத் தொடர். அதன் உச்சியில் கொடைக்கானல் இருக்கிறது என்பது எங்களுக்குத் தெரியும். ஆனால் கல்லூரிப் படிப்பு முடியும் தறுவாயிலும் எங்களுள் பாதிப்பேர் அங்கே போனதில்லை. பேருந்துக் கட்டணம் ஒரு காரணம். பக்கத்தில்தானே இருக்கிறது, எப்பொழுது வேண்டுமானாலும் போகலாம் என்ற எண்ணம் மற்றொரு காரணம்.

1989ஆம் ஆண்டு பொங்கல் விடுமுறையில் நண்பர்கள் அறுவர் மிதிவண்டியிலேயே அம்மலைமேல் ஏறி வருவது என்று முடிவு செய்தோம். அந்தப் பயணத்தைப் பற்றியே இன்று உங்களிடம் சொல்ல வந்திருக்கிறேன். வீரக் கதை என்று எண்ணிவிட வேண்டாம். அதில் நான் செய்த பிழை ஒன்று உண்டு. அந்தப் பிழைதான் இந்தப் பேச்சுக்கே காரணம்.

எங்களிடம் இருந்தவை வாடகைச் சைக்கிள்கள். இருபது கிலோ எடையுள்ள கறுப்பு வண்டிகள். பற்சக்கரம் மாற்றும் வசதி கிடையாது. பிரேக்கும் கம்பி பிரேக். நான்கு நாட்களுக்கு ஆறு வண்டிகள் வேண்டும், கொடைக்கானல் வரை போகிறோம் என்று சொன்னதும் கடைக்காரர் எங்களை மேலும் கீழும் பார்த்தார். பிறகு, "தம்பிகளா, மலை ஏறுவதற்குக் கால் வேண்டும், இறங்குவதற்குப் பிரேக் வேண்டும். தினமும் சாயங்காலம் பிரேக்கைத் தொட்டுப் பார்க்காமல் படுக்காதீர்கள்" என்றார். நாங்கள் தலையை ஆட்டினோம். மூத்தோர் சொல்லுக்குத் தலையாட்டுவது எளிது.

எங்களுள் பௌதிகம் படித்தவன் நான். ஆகவே கணக்குப் போடும் பொறுப்பை நானே ஏற்றுக்கொண்டேன். அந்தக் கணக்கை நீங்களும் போட்டுப் பார்க்கலாம். மலையடிவாரம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 300 மீட்டர் உயரம். கொடைக்கானல் ஏறத்தாழ 2,100 மீட்டர். ஆக, ஏற வேண்டியது 1,800 மீட்டர். சாலையோ வளைந்து வளைந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர் செல்கிறது. நூறு மீட்டர் போனால் மூன்றரை மீட்டருக்குச் சற்று மேல் ஏறுகிறோம் என்பது சராசரி. இது கேட்பதற்குச் சிறிதாகத்தான் தோன்றும். ஆனால் ஆளும் வண்டியும் மூட்டையும் சேர்ந்து 85 கிலோ என்று வைத்துக்கொண்டால், அந்த எடையை 1,800 மீட்டர் உயர்த்துவதற்கு ஏறத்தாழ 15 லட்சம் ஜூல் வேலை செய்தாக வேண்டும். நம் உடல் உண்ட உணவின் சக்தியில் கால் பங்கைத்தான், அதுவும் நல்ல நிலையில்தான், இயக்க சக்தியாக மாற்றும். மற்றதெல்லாம் வெப்பமாகவும் வியர்வையாகவும் போய்விடும். எனவே, மலைக்கு மட்டுமே 1,400 கலோரிக்கு மேல் உணவு வேண்டும். இவ்வாறெல்லாம் கணக்கிட்டு, எத்தனை மணிக்கு எங்கே இருப்போம் என்று ஒரு தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். ஆறு பேரையும் ஒரே ஆளாகக் கருதிப் போட்ட கணக்கு அது என்பதை அப்பொழுது நான் உணரவில்லை.

ஆறு பேரும் ஒரே ஆள் அல்லர். எங்களுள் ஒருவன் பூட்டுப் பட்டறைத் தொழிலாளியின் மகன். மெலிந்த உடல், பேச்சும் குறைவு. கல்லூரி நேரம் போக மீதி நேரத்தில் தந்தைக்கு உதவியாக அரம் பிடிப்பான். திண்டுக்கல் பூட்டு என்றால் கையால் செய்யும் நுண்வேலை என்பது உங்களுக்குத் தெரியும். 2019இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. இரும்பின் மனம் அறிந்த விரல்கள் அவனுடையவை. ஆனால் கால்களில் அத்தனை வலுவில்லை. பஞ்சர் ஒட்டும் சாமான்களும் ஸ்பேனரும் அடங்கிய பையை அவனிடம் கொடுத்தோம். காற்றடிக்கும் பம்பு என் வண்டியில் இருந்தது.

ஜனவரி 16ஆம் நாள் பிற்பகல் புறப்பட்டோம். அப்பொழுது சட்டமன்றத் தேர்தல் நெருங்கியிருந்தது. 21ஆம் நாள் வாக்குப்பதிவு. வழியெங்கும் சுவர்களில் புதுச் சின்னங்கள். ஒலிபெருக்கி கட்டிய வண்டிகள் எங்களைத் தாண்டிச் சென்றன. செம்பட்டி வழியாக வத்தலக்குண்டு சேர 35 கிலோமீட்டர். சமவெளி, புளியமர நிழல். பாட்டுப் பாடிக்கொண்டு போனோம். வத்தலக்குண்டு, விடுதலை வீரர் சுப்பிரமணிய சிவாவும், எழுத்தாளர்கள் ராஜமய்யர், பி. எஸ். ராமையா, சி. சு. செல்லப்பா ஆகியோரும் தோன்றிய மண். நண்பன் ஒருவனுடைய அத்தை வீட்டில் இரவு தங்கினோம். விடியுமுன்னே அத்தை எழுந்து, ஆறு பேருக்கும் புளியோதரை கட்டிக் கொடுத்தார். "ஒருத்தனை ஒருத்தன் விட்டுவிடாமல் போங்கப்பா" என்று வாசல் வரை வந்து சொன்னார். அதற்கும் தலையை ஆட்டினோம்.

மலைப்பாதை தொடங்கும் இடத்திற்குக் காட்ரோடு என்று பெயர். மலைப்பாதையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லே காலப்போக்கில் ஊர்ப்பெயராகிவிட்டது. 1845இல் அமெரிக்கப் பாதிரிமார் கொடைக்கானலில் முதல் வீடுகளைக் கட்டிய காலத்தில் இந்தச் சாலை இல்லை. பெரியகுளம் பக்கத்திலிருந்து செங்குத்தான ஒற்றையடிப் பாதையில் நடந்தும், குதிரையிலும், ஆட்கள் சுமந்த நாற்காலிகளிலுமே மேலே போனார்கள். அன்று பிறர் தோளில் ஏறிச் சென்ற மலைமேல் இன்று நம் காலால் ஏறப்போகிறோம் என்று நான் பெருமை பேசியது நினைவிருக்கிறது.

முதல் பத்துக் கிலோமீட்டரிலேயே அந்தப் பெருமை வியர்வையாக வடிந்துவிட்டது. காரணத்தை எளிதில் விளக்கலாம். எங்கள் வண்டியின் முன் பற்சக்கரத்தில் 44 பற்கள், பின் பற்சக்கரத்தில் 18 பற்கள். மிதி ஒருமுறை சுற்றினால் வண்டி ஏறத்தாழ ஐந்தரை மீட்டர் ஓடும். சமவெளிக்கு அது பொருத்தம். மலையிலோ, ஒரே மிதியில் அத்தனை தூரம் ஏறுவது, படிக்கட்டில் ஐந்து படிகளை ஒரே எட்டில் தாண்டுவதற்கு ஒப்பாகும். பற்சக்கரம் மாற்றும் வண்டியில், ஒரு மிதிக்கு இரண்டு மீட்டர் மட்டுமே ஓடும்படி அமைத்துக்கொள்ளலாம். செய்ய வேண்டிய வேலை குறையாது. அதைச் சிறு சிறு கூறுகளாகப் பிரித்துச் செய்கிறோம், அவ்வளவே. எங்களுக்கு அந்த வசதி இல்லை. எனவே செங்குத்தான வளைவுகளில் இறங்கி உருட்டினோம். மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு தூரம் நடந்தே ஏறியிருப்போம்.

இறங்கி உருட்டுவதை அன்று நான் அவமானமாகக் கருதினேன். பின்னாளில் ஒரு செய்தியைப் படித்தபொழுதுதான் அந்த வெட்கம் நீங்கியது. பிரான்சு நாட்டைச் சுற்றிவரும் புகழ்பெற்ற மிதிவண்டிப் பந்தயம் 1903இல் தொடங்கியது. 1910இல் முதன்முறையாகப் பந்தயக்காரர்களைப் பிரனீஸ் மலைகளின் உயர்ந்த கணவாய்கள் வழியே அனுப்பினார்கள். அவற்றுள் ஒன்றான தூர்மலே கணவாயின் உயரம் 2,115 மீட்டர். ஏறத்தாழ நம் கொடைக்கானலின் உயரந்தான். ஒக்தாவ் லாபிஸ் என்ற வீரர் அன்று அந்த ஏற்றத்தில் பல இடங்களில் வண்டியை உருட்டிக்கொண்டே நடந்தார். அந்த ஆண்டுப் பந்தயத்தில் வென்றவரும் அவரே.

அதே பிரான்சில் பால் த விவி என்றொருவர் இருந்தார். வேலோசியோ என்ற புனைபெயரில் மிதிவண்டிப் பயணத்தைப் பற்றி எழுதியவர். மலையேறப் பல பற்சக்கரங்கள் வேண்டும் என்று வாதாடியவர்களுள் முன்னோடி. அந்தப் பெரும் பந்தயத்தில் சங்கிலியைப் பல்லுக்குப் பல் மாற்றும் கருவியை 1937 வரையில் அனுமதிக்கவில்லை. அது பலவீனருக்கு உரியது என்பது பந்தயம் நடத்தியவர்களின் எண்ணம். அவர் பயணிகளுக்கு வகுத்த விதிகளில் சில உண்டு. பசிக்கும் முன்னே உண்ண வேண்டும்; தாகம் எடுக்கும் முன்னே பருக வேண்டும் என்பன அவற்றுள் அடங்கும். வீம்புக்காக மிதிக்கக்கூடாது என்பதும் ஒரு விதி. அந்த விதியை அன்றைக்கு யாரேனும் என் காதில் ஓதியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

டம் டம் பாறையில் சற்று நின்றோம். எதிரே எலிவாலைப் போல மெல்லிய வெண்கோடாக விழுகிறது தலையாறு அருவி. அதன் உயரம் 297 மீட்டர். கீழே மஞ்சளாறு அணையின் நீர் ஒரு கைக்கண்ணாடியைப் போல் மின்னியது. அதற்கப்பால் நாங்கள் புறப்பட்டு வந்த சமவெளி, வெயிலில் மங்கி, விரித்த பாய்போல் கிடந்தது. பூட்டுக்காரர் மகன் நெடுநேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றான். "போகலாம், தாமதமாகிறது" என்று சட்டைப்பையிலிருந்த தாளைக் காட்டி அவனை அவசரப்படுத்தினேன்.

நண்பகலுக்கு மேல் ஊத்து என்னும் இடத்தில் புளியோதரையை உண்டோம். காப்பித் தோட்டங்களும் மலைவாழையும் சூழ்ந்த இடம். காற்றில் குளிர்ச்சி தெரிந்தது. ஒரு கிலோமீட்டர் உயர்ந்தால் வெப்பம் ஆறு அல்லது ஏழு பாகை குறையும் என்பது பாடம். எங்கள் தோலும் அதையே சொல்லிற்று. உணவுக்குப் பின் எங்களுள் வலுவான மூவர், நானும் அவர்களுள் ஒருவன், யார் முதலில் பெருமாள்மலையை எட்டுவது என்று பந்தயம் கட்டிக்கொண்டோம். இருவர் நடுவே வந்தனர். ஒருவன் பின்னால்.

பிற்பகல் நாலரை மணிக்கு மூவரும் பெருமாள்மலைத் தேநீர்க் கடையை அடைந்தோம். தாளில் எழுதிய நேரத்தைவிட அரைமணி முன்னதாகவே வந்துவிட்டோம். ஐந்தே காலுக்கு நடுவே வந்த இருவரும் சேர்ந்தனர். "அவன் எங்கே?" என்று நாங்கள் கேட்டோம். "உங்களோடு இல்லையா?" என்று அவர்கள் கேட்டார்கள். வளைவு ஒன்றில் தாங்கள் தண்ணீர் குடிக்க ஒதுங்கியபொழுது அவன் தங்களைத் தாண்டிப் போயிருப்பான் என்று அவர்கள் எண்ணியிருக்கிறார்கள். அவர்களோடு வருகிறான் என்று நாங்கள் எண்ணியிருக்கிறோம். ஐந்து பேரும் எண்ணினோம். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

வந்துவிடுவான் என்று கால்மணி நேரம் காத்திருந்தோம். மூடுபனி சாலையை மறைக்கத் தொடங்கியது. தேநீர்க் கடைக்காரர், "இருட்டினால் காட்டெருமை ரோட்டுக்கு வரும், தம்பி" என்று மட்டும் சொன்னார். அதற்குமேல் எங்களுக்குத் தேநீர் இறங்கவில்லை. இருவரைக் கடையில் நிறுத்திவிட்டு, மூவர் வந்த வழியே கீழே திரும்பினோம். உயிரைக் கொடுத்து ஏறிய ஏற்றத்தை நிமிட நேரத்தில் இழப்பது எத்தகைய உணர்ச்சி என்பதை அன்று அறிந்தேன். ஆனால் அதைப் பற்றி வருந்தும் நிலையில் நான் இல்லை. ஒவ்வொரு வளைவிலும் பள்ளத்தை எட்டிப் பார்த்துக்கொண்டே, பெயர் சொல்லிக் கூவிக்கொண்டே போனேன். டைனமோ விளக்கின் மஞ்சள் ஒளி பனியில் இரண்டு கஜத்துக்கு மேல் செல்லவில்லை. எதிரே வந்த லாரி ஒன்றை நிறுத்திக் கேட்டோம். ஒரு பையன் வண்டியை உருட்டிக்கொண்டு வருவதைப் பார்த்ததாக ஓட்டுநர் சொன்னார். அந்தச் சொல்லைக் கேட்டபொழுது என் கைகள் நடுங்கியது குளிரால் மட்டும் அன்று.

இன்னும் இரண்டு வளைவுகள் இறங்கியதும் அவனைக் கண்டோம். துண்டைத் தலையில் முக்காடிட்டுக்கொண்டு, வண்டியைத் தள்ளிக்கொண்டு நிதானமாக வந்துகொண்டிருந்தான். பின்சக்கரத்தில் ஆணி ஏறி, காற்று இறங்கிவிட்டிருந்தது. அவனிடம் பஞ்சர்ப் பை இருந்தது. வழியிலேயே உட்கார்ந்து டியூபைக் கழற்றி ஒட்டுப் போட்டுவிட்டான். ஆனால் காற்றடிக்கப் பம்பு? அது மேலே தேநீர்க் கடைக்குப் பந்தயத்தில் போய்விட்டது. ஆறு கிலோமீட்டர் ஏற்றம், வெறும் சக்கரத்தோடு நடந்திருக்கிறான்.

நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவன் என்னைப் பேச விடவில்லை. "ஒட்டுப் போட்டாயிற்று, காற்றுத்தான் பாக்கி. பம்பு உன்னிடந்தானே?" என்றான். வேறொன்றும் சொல்லவில்லை. கடிந்து பேசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவன் காற்றடித்து முடிக்கும் வரை விளக்குக்காக என் வண்டியின் மிதியைச் சுற்றிக்கொண்டே நின்றேன். பிறகு அவனை முன்னே விட்டு, அவன் வேகத்தில் மற்ற எல்லோரும் ஏறினோம். வெள்ளி நீர்வீழ்ச்சியின் ஓசையை இருளில் கேட்டவாறு கடந்து, கொடைக்கானலை அடைந்தபொழுது இரவு ஒன்பது மணியாகிவிட்டது.

மறுநாள் ஓய்வு. 1863இல் லெவிஞ்சு துரை அமைத்த ஏரியைச் சுற்றி நடந்தோம். 1899 முதல் கதிரவனை ஆராய்ந்துவரும் வானாய்வுக் கூடத்தையும் பார்த்தோம். சூரியப் புள்ளிகளில் வாயு கிடைமட்டமாக ஓடுவதை 1909இல் எவர்ஷெட் கண்டறிந்த இடம் அது.

19ஆம் நாள் காலை பழனி வழியாக இறங்கப் புறப்பட்டோம். எல்லோருக்கும் உற்சாகம், இனி மிதிக்கவே வேண்டாம் அல்லவா? அப்பொழுது பூட்டுக்காரர் மகன் எல்லோரையும் நிறுத்தினான். கையில் ஸ்பேனரோடு ஒவ்வொரு வண்டியாகக் குனிந்து பார்த்தான். ஐந்து வண்டிகள் சரியாக இருந்தன. ஆறாவது வண்டி என்னுடையது. அதில் பின் பிரேக்கின் கம்பியைப் பிணைக்கும் திருகு முக்கால் வாசி கழன்று, நூலில் தொங்கிக்கொண்டிருந்தது. முன் பிரேக்கின் ரப்பர்க் கட்டை ஒரு பக்கம் இரும்பு தெரியும்படி தேய்ந்துபோயிருந்தது. தினமும் தொட்டுப் பார்க்கச் சொன்ன கடைக்காரரின் சொல்லை மூன்று நாட்களாக நான் மறந்திருந்தேன்.

ஏறும்பொழுது போட்ட கணக்கை இறங்கும்பொழுதுக்கும் போட்டுப் பாருங்கள். அதே 15 லட்சம் ஜூல் சக்தி இறக்கத்தில் திரும்பக் கிடைக்கிறது. அதில் ஒரு பகுதியைக் காற்று தடுத்து வாங்கிக்கொள்ளும். மீதியை எல்லாம் பிரேக் கட்டைகளே வெப்பமாக மாற்றியாக வேண்டும். முழுவதையும் சேர்த்தால் நாலரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடும் வெப்பம் அது. கட்டைவிரல் அளவுள்ள நான்கு ரப்பர்த் துண்டுகளை நம்பி அத்தனையையும் ஒப்படைக்கிறோம். அந்தத் திருகு மூன்றாவது வளைவில் கழன்றிருந்தால், இன்று உங்களிடம் பேச நான் இருந்திருக்க மாட்டேன்.

அவன் திருகை முடுக்கினான். பையிலிருந்து புதிய ரப்பர்க் கட்டைகளை எடுத்துப் பொருத்தினான். அவற்றை அவனே காசு கொடுத்து வாங்கி வந்திருந்தான் என்பதும் அப்பொழுதுதான் தெரிந்தது. பிறகு, "நிறுத்தி நிறுத்திப் போக வேண்டும், சக்கரம் சுடுகிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டும்" என்றான். இந்த முறை யாரும் வெறுமனே தலையாட்டவில்லை. அரைமணிக்கு ஒருமுறை நிறுத்தி, விரலால் தொட்டுப் பார்த்து, ஆறு பேரும் ஒன்றாகப் பழனி சேர்ந்தோம்.

தைப்பூசத்திற்கு இரண்டொரு நாளே இருந்தது. மறுநாள் ஒட்டன்சத்திரம் வழியாகத் திண்டுக்கல்லுக்குத் திரும்பியபொழுது, சாலை முழுவதும் எங்களுக்கு எதிரே பாதயாத்திரைக் கூட்டம். காவடிகள், சிறு குழந்தைகள், வெறுங்காலோடு நடக்கும் தாய்மார்கள். ஒரு கூட்டத்தின் முன்னே தடியூன்றிக்கொண்டு ஒரு முதியவர் மெல்ல நடந்தார். வாட்டசாட்டமான இளைஞர்கள் பலர் அவருக்குப் பின்னே, அவர் நடைக்கேற்ப நடந்து வந்தார்கள். எவரும் அவரைத் தாண்டவில்லை. நான் தாளில் எழுதிய கணக்கைவிட அந்த நடை நல்ல கணக்கு என்று அப்பொழுது தோன்றியது.

மாணவ நண்பர்களே, இன்று உங்களுள் பலருக்குப் பதினொன்றாம் வகுப்பில் அரசே மிதிவண்டி தருகிறது. பற்சக்கரம் மாற்றும் வண்டிகளும் ஊருக்கு ஊர் கிடைக்கின்றன. எங்களைவிட வசதியாக நீங்கள் மலையேறலாம். கட்டாயம் ஏறிப் பார்க்க வேண்டும். பேருந்தின் சன்னலில் ஒரு நொடியில் மறையும் வளைவு, மிதிவண்டியில் போகிறவனுக்கு ஒரு முழு அனுபவமாகும். புளியமரம் முடிந்து காப்பிச் செடி தொடங்கும் இடத்தை அவன் உடம்பே அறியும். முதலில் திண்டுக்கல்லுக்கு அருகிலுள்ள சிறுமலையில் பழகுங்கள். பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவுகள் போதுமான பாடம் சொல்லும். போக்குவரத்து மிகுமுன் விடியலில் புறப்படுங்கள். தலைக்கவசம் அணியுங்கள். புறப்படும் முன்னும் இறங்கும் முன்னும் பிரேக்கைத் தொட்டுப் பாருங்கள்.

கூட்டமாகப் போனால், மெல்லப் போகிறவனை முன்னே விடுங்கள். அப்படியும் சில வேளைகளில் கூட்டம் நீளத்தான் செய்யும், மலை அப்படிப்பட்டது. அதனால் ஒன்று மட்டும் செய்யுங்கள். பம்பு எப்பொழுதும் கடைசியில் வருகிறவனிடம் இருக்கட்டும்.